இழுக்காத காந்தம்

எங்கள் பேக்டரியில் சலித்து வரும் தேயிலை, பெட்டிக்குள் விழும் முன்பு ஒரு காந்தத்துக்கு அடியில் நழுவிப் போகும். செங்கல் பருமனில் கறுப்பாக ஒரு கட்டை. கொழுந்தோடு சேர்ந்து வரும் ஆணி, கம்பித் துண்டு, மெஷினிலிருந்து உதிரும் இரும்புத்தூள் எல்லாவற்றையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். வேலை முடியும் நேரத்தில் அதைத் துடைத்துச் சுத்தம் செய்வது, தூள் தரம் பிரிக்கும் சார்ட்டிங் ரூமில் என் பொறுப்பு. ஆணியைப் பிடுங்கினால் லேசில் விடாது. கையை எடுத்தால் டக்கென்று மறுபடி போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டால், அந்த ஆணிக்கும் காந்தத்துக்கும் முகப்பழக்கமே இல்லாதது போல இருக்கும். தினமும் இதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் காந்தத்தின் மேல் ஒரு கிறுக்கே பிடித்திருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மூணாறிலிருந்து மறையூர் போகும் பாதையில் எங்கள் எஸ்டேட். அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து நின்று திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் கொழுந்து டிராக்டர் ஓட்டினான். மதினி மலையில் கொழுந்து எடுத்தாள். அண்ணனுக்கு டிராக்டரை விடப் பெரிய தொழில் ஒன்று இருந்தது. எங்கள் வேதக்கோயிலில் வருஷா வருஷம், விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகைக்குப் போடும் நாடகத்தில் அவன்தான் ராசா. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் வெள்ளித்தாளை ஒட்டிய மரக்கத்தியைச் சுழற்றிக்கொண்டு அவன் மேடைக்கு வந்தால் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றுவிடும்.

அந்த வருஷம் ஆண்கள் நாடகக் குழு உடைந்தது. இன்னொருத்தரும் ராசா வேஷம் வேண்டும் என்று நின்றார். அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோயிலை நடத்தும் உபதேசியார் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ராசா வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இந்த வருஷம் பெண்கள் சங்கம் நாடகம் போடட்டும்."

பெண்கள் சங்கத்தில் நாடகம் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. எனக்கும் தெரியாது. ஆனால் யூனியன் ஆபீசில் கிடக்கும் பழைய பத்திரிகைகளை ஒன்று விடாமல் படிக்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பத்திரிகை ஒன்றில்தான் நான் படித்திருந்தேன்: பூமி ஒரு பெரிய காந்தம், சூரியனும் காந்தம், வானத்தில் தெரியும் நட்சத்திரங்களில் சில நம்மால் நினைத்தே பார்க்க முடியாத அளவுக்கு வலுவான காந்தங்கள். அதைப் படித்த நாளிலிருந்து மனசுக்குள் ஒரு நட்சத்திரச் சண்டை ஓடிக்கொண்டே இருந்தது. அதையே நாடகமாகச் சொன்னேன்.

எங்கோ ஒரு உலகம். அங்கே இருப்பவர்கள் கல் உடைத்துப் பிழைக்கிறவர்கள். வாள், வேல் ஒன்றும் கிடையாது. இன்னொரு நட்சத்திரத்திலிருந்து பகை ராசா ஒருவன் இரும்புக் கப்பல்களில் படையோடு வருகிறான். அந்த ஏழைகள் தங்கள் சூரியனின் காந்தத்தைத் திரட்டி, வானத்தில் வரும் அத்தனை கப்பலையும் ஒரே இழுப்பில் இழுத்துப் பொசுக்கிவிடுகிறார்கள்.

"நல்லாத்தானே இருக்கு" என்றாள் மதினி. "பகை ராசா நான்தான். இப்பவே சொல்லிட்டேன்."

சார்ட்டிங் ரூமில் எனக்குப் பக்கத்தில் குச்சி பொறுக்கும் தோழி கல் உடைக்கிறவர்களின் தலைவியானாள். மற்றவர்கள் படையாகவும் ஜனங்களாகவும் பிரிந்துகொண்டார்கள். கோயில் ஹாலில் சாயந்தரம் ஒத்திகை தொடங்கியது.

முதல் ஒத்திகையிலேயே அண்ணன் வந்து வாசலில் சாய்ந்து நின்றான். மதினியைச் சமையலுக்குக் கூப்பிட வந்த சாக்கு. சூரியன் கப்பல்களை இழுக்கும் கட்டம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தவன் மெதுவாகக் கேட்டான்:

"ஏட்டி, இரும்பு எல்லாத்தையும் அந்தச் சூரியன் இழுக்குன்னா, உங்க ஆளுவ கல்லு உடைக்க வச்சிருக்க சுத்தியலு எங்க போவும்?"

அவனே தொடர்ந்தான்:

"கவாத்துக் கத்தி? சட்டி? கதவுல இருக்க கீலு? எல்லாம் முதல்ல பறந்துருமே. பகைவன் வாரதுக்கு முன்னாலயே உங்க ஆளுவ சோறு பொங்கச் சட்டி இல்லாம செத்துருவாளுவளே!"

ஹாலே சிரித்தது. அதிகம் சிரித்தவள் பகை ராசாதான். எனக்குக் காது சூடாகிவிட்டது. கேலி செய்தான் என்பதற்காக இல்லை. அவன் சொன்னது சரி. என் ஆயுதம் எதிரியையும் அறியாது, வீட்டுக்காரனையும் அறியாது. அப்படிப்பட்ட ஒன்றை யார் கையில் எடுப்பார்கள்?

"யோசிக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

"யோசி யோசி. சண்டை வேணும்னா சொல்லு, என் கத்தியத் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேலை நேரத்தில் காந்தத்தைத் துடைக்கும்போதெல்லாம் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பலமாகப் பிடிக்கிறாயே, பூமி உன்னைவிட எவ்வளவு பெரிய காந்தம், அது ஏன் ஒரு குண்டூசியைக்கூட இழுக்கவில்லை? பத்திரிகையில் இதற்குப் பதில் இல்லை. பேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை பேக்டரி ஓடாத நேரத்துக்குக் காந்தத்தைக் கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டேன். அவர் சங்கனாச்சேரிப் பக்கத்து மலையாளி, பேசுவது பாதித் தமிழ். நாடகத்துக்கு என்றதும் சிரித்துவிட்டு, "கொண்டுபோய்க்கோ. திங்களாழ்ச்ச காலத்து மெஷின் ஓடும் முன்னாடி திரிச்சு வந்துரணும், கேட்டோ" என்றார். திங்கள் காலைக்குள் திரும்ப வந்துவிட வேண்டுமாம்.

ஞாயிறு மத்தியானம். சாப்பிட்ட கையோடு நானும் மதினியும் அடுக்களையில் உட்கார்ந்தோம். அவளுடைய தையல் ஊசியை வாங்கிக் காந்தத்தில் ஒரே பக்கமாகப் பலமுறை தேய்த்தேன். அலுமினியப் போணியில் தண்ணீர் ஊற்றி, காய்ந்த இலை ஒன்றை மிதக்கவிட்டு, அதன்மேல் ஊசியை வைத்தேன். காந்தத்தை எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

ஊசி இலையோடு சேர்ந்து மெல்லச் சுழன்று நின்றது. கையால் திருப்பிவிட்டேன். மறுபடி அதே பக்கம் வந்து நின்றது. போணியையே திருப்பி வைத்தேன். அப்போதும் அதே பக்கம்.

மதினி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏளா, இது எங்கயும் போவலயே. அந்தா, நடுவுலதான் நிக்கு. மூஞ்சிய மட்டும்லா திருப்புது."

"ஆமா மதினி."

"இழுக்கல. திருப்பி மட்டும் விடுது." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்க அண்ணன் மாதிரிதான். நானும் கல்யாணம் ஆன நாள்லேருந்து இழுத்துப் பாக்கேன், ஒரு அடி நகரல. லேசாத் திருப்பி விட்டேன்னா அவரா போய்க்கிட்டே இருப்பாரு."

போணியை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டு மறுபடி உள்ளே வந்தேன். பூமி இழுப்பதில்லை. ஒரு குண்டூசியைக் கூடத் தூக்காது. ஆனால் உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு ஊசியையும் அது திருப்பி வைத்திருக்கிறது. கடலில் போகும் கப்பல்களெல்லாம் அந்தத் திருப்பலை நம்பித்தான் போகின்றன. என் உலகத்து ஜனங்களுக்கு வேண்டிய ஆயுதம் அதுதான். கப்பலை உடைக்கவே வேண்டாம். அது நம்பி வரும் ஊசியைத் திருப்பிவிட்டால் போதும்.

நாடகத்தை மாற்றினேன். அந்த உலகத்தின் மண்ணுக்கடியில் முழுக்கக் காந்தக்கல். சூரியனிலிருந்து காந்த அலை ஒன்று வந்து மோதும் நேரம் பார்த்து, எல்லோரும் ஒரே மூச்சில் ஆளுக்கொரு கல்லைத் திருப்பிவைக்கிறார்கள். பலம் சூரியனுடையது. திசை மட்டும் இவர்களுடையது. கிரகத்தின் காந்தமே திரும்பிவிடுகிறது. பகை ராசாவின் கப்பல்களுக்கு முன் எது பின் எது என்று தெரியாமல் போகிறது.

ஒத்திகையில் தோழி ஒரு கேள்வி கேட்டாள்: "நம்ம ஆளுங்களுக்கும் திசை தெரியாமப் போயிருமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் படையில் நின்ற ஒருத்தி சொன்னாள்: "நமக்கு எதுக்குட்டி ஊசி? எதிர்ல நிக்க செடி தெரியாத மஞ்சுல, கொழுந்துக் கூடையோட நாம லயத்துக்கு வந்து சேரல? சரிவும் தண்ணிச் சத்தமும் போதாதா?"

அதையே தலைவியின் வசனமாக எழுதிக்கொண்டேன். அன்று முதல் ஹால் கதவைச் சாத்தி வைத்துத்தான் ஒத்திகை. அண்ணன் வந்தால் மதினி வெளியே நின்றே பேசி அனுப்பிவிடுவாள்.

உபதேசியாருக்கும் ஒரு கவலை இருந்தது. கோயில் முற்றத்தில் நட்சத்திரச் சண்டையா, பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்றார். "ஐயா, வேதத்துல நட்சத்திரங்கள் ஒரு படைத்தலைவனுக்கு விரோதமா நின்ன கதையப் போன மாசம் நீங்கதானே பிரசங்கம் பண்ணுனீங்க. அதுலயும் ஜெயிச்சது ஒரு பொம்பளைதானே" என்றேன். அவர் தாடையைத் தடவினார். பிறகு, "ஜெபத்தோட ஆரம்பிங்க" என்று மட்டும் சொன்னார்.

கப்பலின் ஊசியை மேடையில் எப்படிக் காட்டுவது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. தையல் ஊசி யார் கண்ணுக்குத் தெரியும்? பேக்டரியில் இரும்பு அறுக்கும் ரம்பத் தகடு ஒன்று தேய்ந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டீமேக்கரிடம் மறுபடி கேட்டு வாங்கிய காந்தத்தில் அதைத் தேய்த்து, மேலே வெள்ளித்தாள் சுற்றி, நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டோம். காற்று அடித்தால் பம்பரமாகச் சுற்றியது. எனவே காலித் தேயிலைப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அதற்குள் தொங்கவிட்டோம். அப்போது அது பெட்டியின் விளிம்புத் தகரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தகரத்தையும் ஆணியையும் பிடுங்கிவிட்டு, சணலால் பெட்டியைக் கட்டினோம். பெட்டிக்குப் பின்னால் கொழுந்துக்காரிகளின் கம்பளிகளைச் சேர்த்துத் தைத்த திரை. திரைக்குப் பின்னால் காந்தத்தோடு நான். பெட்டிப் பலகைக்கு இந்தப் பக்கம் காந்தத்தை நகர்த்தினால் அந்தப் பக்கம் ரம்பத் தகடு சுழலும். முதல் தடவை அது சரியாகத் திரும்பியபோது எல்லோரும் போட்ட கூச்சலில் உபதேசியார் ஓடிவந்துவிட்டார்.

பண்டிகை அன்று கோயில் முற்றம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் ஏலத்துக்கு வந்த பூசணி, சேனை, கோழி, மறையூர் வெல்லம். மறு பக்கம் பெட்டிகளை அடுக்கிப் போட்ட மேடை. பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். டீமேக்கரும் குடும்பத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கம்பளி ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

மதினி வெள்ளித்தாள் கிரீடத்தோடு மேடைக்கு வந்ததுமே விசில் பறந்தது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று எனக்கே தெரியாது. "கல்லு உடைக்கிற கூட்டமே! உங்க மலை எனக்கு, உங்க தண்ணி எனக்கு!" என்று அவள் அதட்டியபோது முன்னால் இருந்த கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. ஜனங்கள் கல்லைத் திருப்பும் கட்டம் வந்தது. தோழி கையை உயர்த்தினாள். எல்லோரும் ஒன்றாக மூச்சிழுத்துக் குனிந்தார்கள். நான் காந்தத்தை நகர்த்தினேன்.

பெட்டிக்குள் வெள்ளி ஊசி மெல்ல ஆடி, ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. முற்றமே அடங்கிப்போனது. அந்த அமைதியில் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்:

"நூல் கட்டி இழுக்காளுவடே!"

அங்கங்கே சிரிப்புக் கிளம்பியது. ஓட்டை வழியாகப் பார்த்தால், அண்ணன் எழுந்துவிட்டான். நேராக மேடை ஏறி, பெட்டிக்குள் கையை விட்டு ஊசியின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அடியில் என்று துழாவினான். தொங்கும் நூல் தவிர வேறொன்றும் தட்டுப்படவில்லை. நான் காந்தத்தை இன்னொரு பக்கம் கொண்டுபோனேன். அவன் முகத்துக்கு முன்னாலேயே ஊசி திரும்பியது. அவன் கையைப் படக்கென்று எடுத்துக்கொண்டான்.

"இழுக்கிற நூலு ஒண்ணும் இல்ல!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். குரலில் கேலி இல்லை. அதிர்ந்துபோயிருந்தான்.

அவன் இறங்குவதற்குள் மதினி வழியை மறித்தாள். இதெல்லாம் நான் எழுதியதில் இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எவன்டா அது, அனுமதி இல்லாம என் கப்பல்ல ஏறுனவன்?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனை 'டா' போட்டு யாரும் கேட்டதில்லை. அண்ணன் திருதிருவென்று விழித்தான்.

"வந்தது வந்துட்ட. எனக்கும் மாலுமி இல்ல. நில்லு இங்க! ஊசியப் பாத்துச் சொல்லு, நம்ம நட்சத்திரம் எந்தப் பக்கம்?"

அண்ணன் ஊசியைப் பார்த்தான். பேக்டரிப் பக்கம் கையை நீட்டினான். நான் காந்தத்தை நகர்த்தினேன். ஊசி கோயிலைக் காட்டியது. அவன் கையும் கோயில் பக்கம் போனது. மறுபடி நகர்த்தினேன். இப்போது ஏலத்துக்குக் கட்டிவைத்திருந்த கோழிகளைக் காட்டியது. அவன் கோழிகளைக் காட்டினான். சிரிப்பில் ஜனங்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். டீமேக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

அந்த நேரத்தில் அண்ணன் கம்பளியைப் பார்த்தான். ஓட்டையில் என் கண்ணை அவன் கண்டுகொண்டான் என்றே நினைக்கிறேன். எல்லாம் புரிந்துபோனது அவனுக்கு. ஒரு வார்த்தை சொல்லிக் கம்பளியை விலக்கியிருந்தால் நாடகம் அங்கேயே முடிந்திருக்கும். அவன் அதைச் செய்யவில்லை. ராசா வேஷம் கட்டிய அத்தனை வருஷத்து நடிப்பையும் திரட்டி, தலையில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு முழங்காலில் விழுந்து அலறினான்:

"ராசா! திசையே செத்துப்போச்சு, ராசா!"

நாடகத்திலேயே மிகச் சிறந்த வசனம் அது. மதினி கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்போ நாம எப்படித்தான் வீட்டுக்குப் போறது?"

அண்ணன் எழுந்து, கல் உடைக்கிறவர்களைக் காட்டினான். "வழி அவங்களுக்குத்தான் தெரியும். கேக்கணும், ராசா. அதிகாரமா இல்ல. கேக்கணும்."

பகை ராசா, கிரீடம் இல்லாத தலையோடு, கல் உடைக்கிறவர்களின் தலைவியிடம் நடந்துபோனாள். "வழி காட்டுங்க" என்றாள். தோழி மலையில் பிறந்து வளர்ந்தவள். அவள் தயங்கவில்லை. எழுதியிருந்த வசனத்தை அந்த இடத்துக்கு ஏற்ப வளைத்துக்கொண்டாள்: "எங்களுக்கு ஊசி வேண்டாம். சரிவும் தண்ணிச் சத்தமும் போதும். ஊசி இல்லாம உங்களால போவ முடியாதுன்னா, திருப்பி வைக்கிறோம். ஆனா மறுபடி இந்தப் பக்கம் திரும்பக் கூடாது." கையை உயர்த்தினாள். ஜனங்கள் குனிந்தார்கள்.

நான் காந்தத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். மெல்ல, மிக மெல்ல ஒரு சுற்றுக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஊசி நேராக நின்றது. பகை ராசாவும் மாலுமியும் படையும் அது காட்டிய பக்கமாக மேடையை விட்டு இறங்கிப் போனார்கள்.

கைதட்டல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. யாரோ கம்பளியை விலக்கி, என்னை இழுத்து மேடைக்கு நடுவில் நிறுத்தினார்கள். கையில் காந்தத்தோடு நின்றேன். நூல் என்று கத்தியவர்கூட எழுந்து நின்று தட்டினார். உபதேசியார் முடிவு ஜெபத்துக்கு வாயெடுத்து, மூன்று முறை முயன்றும் சிரிப்பு அடங்காமல், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அண்ணன் என் தலையில் ஒரு குட்டு வைத்தான். "ஏட்டி, சட்டி பானைக்கு ஒண்ணும் ஆவலல்லா?"

"ஒண்ணும் ஆவலண்ணே" என்றேன்.

ஏலம் அன்று நடந்ததா என்றுகூடச் சந்தேகம். ஆட்கள் பூசணியைக் கையில் வைத்துக்கொண்டு ஊசியைப் பற்றியே பேசினார்கள். அந்த மாதத்துக்குள்ளேயே மறையூரிலிருந்து நாடகம் போடச் சொல்லி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். டீமேக்கர் மறுபடியும் காந்தத்தைக் கொடுத்தார், இந்தத் தடவை கேட்காமலே. அண்ணனும் ராசா வேஷத்துக்குச் சண்டை போட்டவரும் சமாதானமாகி, கப்பல் படையில் ரெண்டு இடம் வாங்கிக்கொண்டார்கள். மாலுமி வேஷத்தை மட்டும் அண்ணன் யாருக்கும் விடவில்லை. எஸ்டேட் லாரியில் பெட்டிகளோடு பெட்டிகளாக நாங்கள் ஏறிப் போனோம். மலைச்சரிவு முழுக்க எங்கள் பாட்டுதான். மறையூரில் கரும்புக்காட்டுக்குப் பக்கத்துக் களத்தில் போட்ட நாடகம் முடிந்ததும், பின்னால் நின்றவர்களுக்கு ஊசி தெரியவில்லை என்று ஒரே கூச்சல். மேடையைத் திருப்பிப் போட்டு, முழு நாடகத்தையும் முதலிலிருந்து நடத்தினோம். வழி கேட்கும் இடத்தில் மதினி இன்னும் பணிவாகக் கேட்டாள். கைதட்டல் இன்னும் நீளமாக இருந்தது. திரும்பி வரும்போது எங்களில் ஒருத்தருக்கும் தொண்டையில் குரல் மிச்சமில்லை.